பிள்ளையை ஜேர்மனிக்குப் படிக்க அனுப்ப முன்

 

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வெளிவந்த கையோடு நமது வீடுகளில் நடக்கும் ஆலோசனைகள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. இஸட் புள்ளி போதவில்லை. அரசாங்கப் பல்கலைக்கழகம் கிடைக்காது. தனியார் நிறுவனத்துக்குக் கட்ட இலட்சக்கணக்கில் கையில் இல்லை. அந்த நேரம் பார்த்து உறவினர் ஒருவர் வந்து, "ஜேர்மனியில் பல்கலைக்கழகப் படிப்பு இலவசமாமே, மகனை அங்கே அனுப்பினால் என்ன?" என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போவார். அன்றிரவே உம்மாவின் காப்பு அலுமாரியிலிருந்து வெளியே வந்துவிடும்.

அனுப்பக் கூடாது என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. அறிவைத் தேடிக் கடல் கடந்து போனவர்களின் வரலாறுதான் நமது வரலாறு. ஆனால், 'இலவசம்' என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒரு மொழி நிற்கிறது. ஒரு சட்டம் நிற்கிறது. தனியே இருக்கப் போகும் ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளை நிற்கிறது. இந்த மூன்றையும் உம்மாமார் விளங்கிக்கொள்ளாமல் காப்பைக் கழற்றக் கூடாது என்பதே எனது கருத்து.

இலவசம் எது, செலவு எது?

ஜேர்மனியின் அரச பல்கலைக்கழகங்களில் முதற் பட்டப் படிப்புக்குப் பெரும்பாலும் கற்பித்தற் கட்டணம் கிடையாது என்பது உண்மை. இடைக்காலத்தில் சில மாநிலங்கள் கட்டணம் அறவிட்டன. பொதுக் கட்டணத்தைக் கடைசியாகக் கைவிட்ட மாநிலம் லோவர் சக்சனி, 2014 இல். ஆனால் இதற்கும் விலக்கு உண்டு. ஸ்டுட்கார்ட், ஹைடெல்பேர்க் நகரங்கள் இருக்கும் பாடன்-வூர்ட்டெம்பேர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 குளிர்காலத் தவணையிலிருந்து தவணைக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலத் தவணையிலிருந்து இத்தகைய புதிய மாணவர்களிடம் முதற் பட்டத்துக்குத் தவணைக்கு 2,000 முதல் 3,000 யூரோ வரை அறவிடத் தொடங்கியது. ஆகவே "ஜேர்மனி இலவசம்" என்று யாராவது சொன்னால், "எந்த ஊர், எந்தப் பல்கலைக்கழகம்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

கட்டணம் இல்லாத இடத்திலும் தவணைப் பங்களிப்பு என்று ஒரு தொகை உண்டு. நூறு யூரோவிலிருந்து முந்நூற்றைம்பது யூரோ வரை இடத்துக்கு இடம் மாறும். மாணவர் நலச் சேவைக்கும், பல இடங்களில் பஸ், ரயில் பயணச் சீட்டுக்கும் அதுவே போகிறது.

பெரிய செலவு படிப்பல்ல, சீவியம். மாணவர் வீசா கேட்பவர் ஒரு வருடம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளப் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அநேகர் இதை 'முடக்கிய கணக்கு' ஒன்றைத் திறந்தே காட்டுகிறார்கள். 2024 செப்டெம்பர் முதல் அதற்கான தொகை 11,904 யூரோ. ஒரு யூரோ 340 ரூபா என்று வைத்துப் பார்த்தால் நாற்பது இலட்சத்து நாற்பத்தேழாயிரம் ரூபாவுக்கு மேல் வருகிறது. இந்தப் பணம் யாருக்கும் கொடுக்கும் கட்டணம் அல்ல. பிள்ளை அங்கு போய்ச் சேர்ந்த பின் மாதம் 992 யூரோ வீதம் அவருடைய கைக்கே திரும்பி வரும். அந்த 992 யூரோவில்தான் அறை வாடகை, சாப்பாடு, மாதம் 140 முதல் 150 யூரோ வரையான சுகாதாரக் காப்புறுதி எல்லாம்.

இவ்விடத்தில் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். முதல் வருடத்துக்குப் பணம் காட்டியதோடு கதை முடியாது. வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போதும் பணத்துக்கு வழி இருப்பதைக் காட்டத்தான் வேண்டும். "ஒரு வருடத்துக்கு எப்படியாவது புரட்டினால் போதும், பிறகு தம்பி அங்கே உழைத்துக்கொள்வான்" என்று வாப்பா சொன்னால், அந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 2024 மார்ச் முதல் உள்ள சட்டப்படி வெளிநாட்டு மாணவர் வருடத்துக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம். ஆகக் குறைந்த கூலி 2026 ஜனவரியில் மணிக்கு 13.90 யூரோ ஆக்கப்பட்டது. உணவகத்திலோ களஞ்சியத்திலோ வேலை கிடைக்கலாம். ஆனால் மொழி தெரியாத பிள்ளைக்கு வேலையும் கிடையாது. வேலைக்கே நேரத்தைக் கொடுத்த பிள்ளைக்குப் படிப்பும் கிடையாது.

வட்டிக்குக் கடன் வாங்கி இந்தக் கணக்கை நிரப்பித் தருகிறோம் என்று சொல்லும் முகவர்களும் இருக்கிறார்கள். வட்டி ஹராம் என்பதை உங்களுக்கு நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. அதை ஒரு பக்கம் வைத்தாலும், மாதாமாதம் வரும் 992 யூரோவில் கடன் தவணையும் போகுமானால் பிள்ளை எதைச் சாப்பிடுவது? பசியோடு விரிவுரைக்குப் போகும் பிள்ளைக்குப் பாடம் ஏறுமா?

வாசற்படி: சான்றிதழும் ஆயத்த வருடமும்

நமது உயர்தரச் சான்றிதழைக் கையில் கொண்டுபோனவுடன் பல்கலைக்கழகக் கதவு தானாகத் திறந்துவிடுவதில்லை. ஒவ்வொரு நாட்டின் பாடசாலைச் சான்றிதழையும் அங்கு தனித்தனியாக எடைபோடுகிறார்கள். தங்கள் நாட்டு உயர்தரமான 'அபிட்டூர்' உக்கு அது சமமானதா என்று பார்க்கிறார்கள். சமம் என்றால் நேரே அனுமதி கேட்கலாம். இல்லையென்றால் 'ஸ்டூடியன்கொலெக்' என்ற ஆயத்தக் கல்லூரியில் வழமையாக ஒரு வருடம் படித்து, அதன் முடிவில் தகுதி காண் பரீட்சையில் சித்தியடைய வேண்டும்.

இந்த ஆயத்தக் கல்லூரியில் பிரிவுகள் உண்டு. பொறியியல், கணிதம், விஞ்ஞானம் படிக்கப் போகிறவர்களுக்கு 'டி' பிரிவு. வைத்தியம், உயிரியல் சார்ந்தவர்களுக்கு 'எம்' பிரிவு. பொருளியல், வர்த்தகம், சமூக விஞ்ஞானம் என்றால் 'டபிள்யூ' பிரிவு. கலைப் பாடங்களுக்கு 'ஜி' பிரிவு. எந்தப் பிரிவில் படித்தாரோ அந்தத் துறைக்குத்தான் பிறகு போகலாம். அரச ஆயத்தக் கல்லூரிகளில் கற்பித்தற் கட்டணம் இல்லை. ஆனால் நுழைவுப் பரீட்சை உண்டு. அந்தப் பரீட்சை ஜேர்மன் மொழியில்தான் நடக்கும். துறைக்கேற்பக் கணிதமும் கேட்பார்கள்.

ஆகவே ஒன்றை மனதில் எழுதிக்கொள்ளுங்கள்: ஆயத்தப் படிப்புக்கு ஒரு வருடம், முதற் பட்டத்துக்கு ஆறு தவணைகள், அதாவது மூன்று வருடம். அதற்கு முன்னால் ஊரில் மொழி படிக்கும் காலம் வேறு. "மூன்று வருடத்தில் பட்டத்தோடு வந்துவிடுவார்" என்று சம்பந்தம் பேசும் இடத்தில் சொல்லிவிடாதீர்கள்!

விண்ணப்பங்களை 'யூனி அசிஸ்ட்' என்ற பொதுச் சேவை மூலம் பல பல்கலைக்கழகங்கள் வாங்குகின்றன. பாடத்துக்குப் பாடம் திகதி மாறினாலும், ஒக்டோபரில் தொடங்கும் குளிர்காலத் தவணைக்கு ஜூலை 15, ஏப்ரலில் தொடங்கும் கோடைகாலத் தவணைக்கு ஜனவரி 15 என்பதே வழமையான கடைசித் திகதி. பிந்தினால் ஆறு மாதமோ ஒரு வருடமோ போய்விடும்.

வைத்தியத்துறையை மனதில் வைத்திருக்கும் தாய்மாருக்கு ஒரு சொல். அங்கு அது ஆறு வருடமும் மூன்று மாதமும். இடங்கள் மிகக் குறைவு. ஜேர்மன் பிள்ளைகளே காத்துக் கிடக்கிறார்கள். வெளிநாட்டில் வைத்தியம் படித்துத் திரும்புகிறவர் இலங்கையில் தொழில் செய்ய இங்கும் ஒரு பரீட்சை எழுத வேண்டும். அந்த ஆசையை வைத்துக்கொண்டு வேறு துறை எதையும் பார்க்காமல் இருப்பது பிள்ளைக்குச் செய்யும் நன்மையல்ல.

மொழிதான் முதல் பாடம்

"அங்கே இங்கிலீஷிலும் படிக்கலாமே" என்று கேட்பீர்கள். முதுமாணிப் படிப்பில் அது நிறைய உண்டு. முதற் பட்டப் படிப்பில், அதுவும் கட்டணமில்லாத அரச பல்கலைக்கழகங்களில், பெரும்பாலான பாடநெறிகள் ஜேர்மன் மொழியில்தான். ஆங்கிலத்தில் நடத்தும் தனியார் நிறுவனங்கள் இருக்கின்றன; அவை கட்டணம் வாங்குகின்றன. எனவே இலவசத்தின் உண்மையான விலை ஜேர்மன் மொழிதான்.

அந்த மொழியை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்குப் பொதுவாகச் சி1 அளவு வேண்டும். 'டெஸ்ட் டாஃப்' என்ற பரீட்சையில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்ற நான்கு பகுதிகளிலும் நான்காம் தரம், அல்லது 'டி.எஸ்.எச்.' பரீட்சையில் இரண்டாம் தரம் என்று கேட்பார்கள். ஆயத்தக் கல்லூரிக்கு பி1 அல்லது பி2 போதுமாகலாம்.

சி1 வரை போகச் சுமார் 800 முதல் 1,000 பாடவேளைகள் தேவை. கிழமைக்கு பன்னிரண்டு பாடவேளை படித்தாலும் ஒன்றரை வருடம் ஓடிவிடும். மூன்று மாதத்தில் முடித்துத் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கொடுக்க முன் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் கோத்தே நிலையம் இருக்கிறது. அங்கு முறையாகப் படிக்கலாம், பரீட்சையும் எழுதலாம். போலிச் சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்று எவராவது வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள். அது பொய்ச் சாட்சியம். அதோடு, மொழி தெரியாத பிள்ளையை மொழி தெரிந்தவர் என்று பொய் சொல்லி ஐந்நூறு பேர் இருக்கும் மண்டபத்தில் உட்கார வைப்பது அந்தப் பிள்ளைக்கே செய்யும் அநியாயம்.

ஆனால் பயப்படவும் வேண்டாம். அரபு கற்றவன் என்ற வகையில் எனக்கு அந்த மொழியில் சில விடயங்கள் சுவையாகப் படுகின்றன. இருபத்தொன்று என்பதை அரபில் 'வாஹிதுன் வஇஷ்ரூன்', ஒன்றும் இருபதும் என்கிறோம். ஜேர்மன்காரரும் அப்படியே 'ஐன்-உன்ட்-ஸ்வான்ஸிக்', ஒன்றும் இருபதும் என்கிறார்கள். அரபில் ஒரு பெயர்ச்சொல் எழுவாயாக வந்தால் ஒரு முடிவு, செயப்படுபொருளாக வந்தால் வேறு முடிவு என்று இஃராப் படிக்கிறோம் அல்லவா? ஜேர்மன் மொழியிலும் நான்கு வேற்றுமைகள் உண்டு. பெயருக்கு முன்னால் வரும் சிறு சொல் அதற்கேற்ப மாறும். துணை வாக்கியத்தில் வினைச்சொல் நமது தமிழைப் போலக் கடைசிக்குப் போய்விடும். பெரியவரிடம் 'ஸீ', நெருங்கியவரிடம் 'டூ' என்பது நமது 'நீங்கள்', 'நீ' போலத்தான். மத்ரஸாவில் நஹ்வு படித்த பிள்ளைக்கு இந்த இலக்கணம் முற்றிலும் புதிய உலகம் அல்ல.

இந்த மொழிக்கும் முஸ்லிம்களின் கல்விக்கும் பழைய தொடர்பும் உண்டு. அல்லாமா இக்பால் 1907 இல் ஹைடெல்பேர்க்கில் தங்கி ஜேர்மன் மொழி பயின்றார். அதே வருடம் மியூனிக் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் இந்தியாவின் ஜனாதிபதியான டாக்டர் ஸாகிர் ஹுஸைன் 1926 இல் பேர்லினில் பொருளியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அரபு படிப்பவர்கள் பலர் கையில் வைத்திருக்கும் ஹான்ஸ் வேரின் அகராதி முதலில் 1952 இல் ஜேர்மன் மொழியில்தான் வெளிவந்தது. ஆங்கிலப் பதிப்பு வந்தது 1961 இல்.

மூன்றாம் தடவை

இனி, இந்தக் கட்டுரையில் நான் மிக முக்கியமாகக் கருதும் பகுதிக்கு வருகிறேன். தாய்மார் இதை இரண்டு முறை வாசிக்க வேண்டும்.

அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பிள்ளையின் பின்னால் யாரும் வரமாட்டார்கள். பெரிய விரிவுரைகளில் அநேகமாக வரவு எடுப்பதில்லை. நேர அட்டவணையைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும். பரீட்சைக்கும் உரிய திகதிக்குள் தானே பதிவு செய்ய வேண்டும். பதிய மறந்தால் எழுத முடியாது. பத்து மணி விரிவுரை பத்தேகாலுக்குத் தொடங்குவது அங்கே பழைய வழக்கம். அது முடிந்தவுடன் மாணவர்கள் கைதட்டுவதில்லை. விரல் மொளியால் மேசையைத் தட்டி மரியாதை செய்வார்கள். ஒரு தவணைக்கு முப்பது புள்ளி, ஒரு புள்ளிக்கு முப்பது மணி நேர உழைப்பு என்பது கணக்கு. அதாவது தவணைக்குத் தொள்ளாயிரம் மணி நேரம். விரிவுரையில் இருக்கும் நேரம் அதில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் தனியே இருந்து படிப்பது. விரிவுரை இல்லாத மாதங்களை விடுமுறை என்று நினைக்க வேண்டாம். பரீட்சைகளும் நீண்ட கட்டுரைகளும் அந்த மாதங்களில்தான் வந்து விழும்.

புள்ளியும் நமக்குத் தலைகீழ். 1.0 என்றால் ஆகச் சிறந்தது. 4.0 என்றால் மட்டுமட்டாகச் சித்தி. 5.0 என்றால் சித்தியில்லை. "உம்மா, எனக்கு ஒன்று கிடைத்தது" என்று மகள் சொன்னால் அழாதீர்கள், ஷுக்ர் செய்யுங்கள்!

சித்தியடையாத பரீட்சையை மீண்டும் எழுதலாம். ஆனால் எண்ணிக்கை உண்டு. பல பல்கலைக்கழகங்களில் ஒரு கட்டாயப் பாடத்துக்கு மொத்தம் மூன்று தடவைதான். மூன்றாம் தடவையும் தவறினால் 'இறுதியாகச் சித்தியடையவில்லை' என்று எழுதிவிடுவார்கள். அதன் பிறகு அந்தத் துறையை அந்தப் பல்கலைக்கழகத்தில் மட்டுமல்ல, பொதுவாக ஜேர்மனியின் வேறு எந்தப் பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாது. வீசாவும் அந்தப் படிப்பின் மேல்தான் நிற்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளையும் இந்த இடத்தில் விழலாம். காரணம் கணிதம் அல்ல, கேள்வியின் மொழி. முதல் தவணையில் பாதி விளங்காமல் இருந்துவிட்டு, இரண்டாம் தவணையில் விளங்க ஆரம்பிக்கும்போது இரண்டு தடவைகள் கரைந்திருக்கும். வீட்டில் காப்பு அடகில் இருக்கிறது. உம்மா தொலைபேசியில் "எப்படி மகன், படிப்பெல்லாம் நல்லமா?" என்று கேட்கிறார். பக்கத்தில் மாமி, சாச்சி, அயல்வீட்டு ராத்தா எல்லோரும் நிற்கிறார்கள். பிள்ளை என்ன சொல்வார்? "நல்லம் உம்மா" என்றுதான் சொல்வார். மூன்றாம் தடவையை யாரிடமும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல் எழுதுவார்.

சகோதரிகளே, இரண்டாம் தடவைக்கும் மூன்றாம் தடவைக்கும் இடையில்தான் பிள்ளையைக் காப்பாற்ற முடியும். பல்கலைக்கழகங்களில் மாணவர் ஆலோசனை அலுவலகங்கள் உண்டு. அங்கு பணம் கேட்கமாட்டார்கள். மேற்பட்ட வகுப்பு மாணவர்கள் நடத்தும் பயிற்சி வகுப்புகள் உண்டு. இறுதித் தவறுதல் எழுதப்பட முன்னர் வேறு பாடத்துக்கு மாறிக்கொள்ள வழி இருக்கலாம்; வெளிநாட்டு மாணவர் என்றால் அதற்கு வதிவிட அலுவலகத்தோடும் நேரத்தோடு பேசியாக வேண்டும். இவையெல்லாம் உண்மையைச் சொன்ன பிள்ளைக்குக் கிடைக்கும் உதவிகள். மறைத்த பிள்ளைக்கு எதுவும் கிடையாது. ஆகவே விமான நிலையத்துக்குப் போக முன்னரே, வாப்பாவும் பக்கத்தில் இருக்க, பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்: "இரண்டு தரம் தவறினால் மூன்றாவதை எழுத முன் எங்களிடம் சொல்ல வேண்டும். நாங்கள் ஏசமாட்டோம். ஊருக்கும் சொல்லமாட்டோம்." சொன்ன பிறகு அந்த வாக்கை நீங்கள் காப்பாற்ற வேண்டும். வாக்கு அமானிதம்.

இருப்பிடம், சாப்பாடு, தொழுகை

மாணவர் நலச் சேவை நடத்தும் விடுதிகளே மலிவானவை. ஆனால் மியூனிக் போன்ற நகரங்களில் காத்திருப்போர் வரிசை நீளம். அனுமதி கிடைத்த கையோடு விண்ணப்பிக்க வேண்டும். மற்றது, நான்கைந்து மாணவர்கள் ஒரு வீட்டை எடுத்து ஆளுக்கோர் அறையில் இருக்கும் முறை. அங்கு ஆணும் பெண்ணும் ஒரே சமையலறையைப் பாவிப்பது சாதாரணம். பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளும் உண்டு. கேட்டுத் தேடினால் கிடைக்கும். முகவர் "அறை ரெடி" என்று சொன்னதும் தலையாட்டாமல், யாரோடு, எந்த விலாசத்தில் என்று கேளுங்கள். குடிபோய் இரண்டு கிழமைக்குள் நகர அலுவலகத்தில் விலாசத்தைப் பதிய வேண்டும் என்பது சட்டம்.

சாப்பாட்டுக்கு அவ்வளவு கஷ்டமில்லை. 1961 இல் துருக்கியோடு செய்த தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு துருக்கியர் பெருந்தொகையாக வந்து குடியேறினார்கள். இன்று ஐம்பது இலட்சத்துக்கும் அதிகமான முஸ்லிம்கள் அங்கு வாழ்கிறார்கள். நகரங்களில் ஹலால் கடையும் பள்ளிவாசலும் இருக்கும். பல்கலைக்கழக உணவுச்சாலையில் எந்தக் கறியில் பன்றி இருக்கிறது என்று அடையாளம் போட்டிருப்பார்கள்; மரக்கறிச் சாப்பாடு தாராளம். இனிப்புகளில் ஜெலட்டின் சேர்ந்திருக்கும் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். மகனாக இருந்தாலும் சோறு, பருப்பு, ஒரு கறி சமைக்கப் பழக்கி அனுப்புங்கள். மகளுக்கு மாத்திரமா வயிறு இருக்கிறது?

தொழுகை நேரங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். டிசம்பரில் பேர்லினில் காலை எட்டு மணிக்குப் பிறகுதான் சூரியன் உதிக்கும். பின்னேரம் நான்கு மணிக்கு முன்னர் மறைந்துவிடும். லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் விரிவுரைகளுக்கு நடுவே ஒன்றின் பின் ஒன்றாக வந்துவிடும். ஜூனில் சூரியன் இரவு ஒன்பதரையளவில்தான் மறைகிறது. நாட்டின் வடபகுதியில் அந்நாட்களில் இரவு முழுவதும் வானத்தில் வெளிச்சம் எஞ்சியிருப்பதால் இஷாவின் நேரத்தைக் கணிப்பது பற்றி உலமாக்கள் தனியாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். அங்குள்ள பள்ளிவாசலின் நேர அட்டவணையைப் பின்பற்றினால் போதும். சில பல்கலைக்கழகங்களில் 'மௌன அறை' என்று எல்லா மதத்தவருக்கும் பொதுவான ஓர் அறை உண்டு. எல்லா இடத்திலும் இல்லை. வெள்ளிக்கிழமை அங்கு வேலை நாள். நேர அட்டவணையைப் பிள்ளை தானே போடுவதால், ஜும்ஆ நேரத்தை இயன்றவரை விட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

மகளுக்கு ஆயிரம் கேள்வி

மகள் போக வேண்டும் என்றால் ஆயிரம் கேள்வி கேட்கிறோம். மகன் போக வேண்டும் என்றால் ஒரு பெட்டி வாங்கிக் கொடுக்கிறோம். யாரோடு தங்குவது, யாரோடு பழகுவது, தொழுகை என்னாகும் என்ற கேள்விகள் மகனுக்கும் உரியவையே. பார்வையைத் தாழ்த்தும் கட்டளை ஆண்களுக்குத்தான் முதலில் வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

பெண் மஹ்ரம் இன்றித் தூரப் பயணம் போவது பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பாதுகாப்பான பயணம், நம்பகமான துணை என்பவற்றைக் கவனித்து இடமளித்தவர்களும் இருக்கிறார்கள், இடமளிக்காதவர்களும் இருக்கிறார்கள். இதை உங்கள் ஊர் ஆலிமிடம், குடும்பத்தின் நிலைமையை முழுதாகச் சொல்லிக் கேளுங்கள். ஒருவருடைய பத்தியை வாசித்துவிட்டு முடிவெடுக்கும் விடயமல்ல இது. என்னுடையதாக இருந்தாலும் சரியே.

தலையை மறைப்பது மாணவிகளுக்கு அங்குள்ள பல்கலைக்கழகங்களில் தடையில்லை. பிரான்ஸில் 2004 இல் அரச பாடசாலைகளில் போட்ட தடையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜேர்மனியில் நீண்ட காலம் வழக்கு நடந்தது ஆசிரியைகளின் முக்காட்டைப் பற்றி. பொதுப்படையான தடை கூடாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2015 இல் தீர்ப்பளித்தது. முகத்தை மூடுவது வேறு விடயம். கீல் பல்கலைக்கழகம் 2019 இல் விரிவுரைகளில் முகத்திரையைத் தடை செய்தது. முகத்திரை அணியும் மகள் என்றால் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்னேறிய நாடு என்கிறோமே, அந்த ஜேர்மனியில் பெண்கள் முழு மாணவிகளாகப் பல்கலைக்கழகத்தில் பதிய அனுமதி கிடைத்தது பாடன் மாநிலத்தில் 1900 இல். பிரஷ்யாவில் 1908 இல்தான். அவர்களுடைய பாட்டிமாரும் கதவைத் தட்டிக் காத்து நின்றவர்களே. இன்று அங்கே பெண்கள் படிப்பது போல நமது பெண் பிள்ளைகளும் படிக்கலாம். எங்கே, எப்படி என்பதைத்தான் நிதானமாக முடிவெடுக்க வேண்டும்.

காப்பைக் கழற்ற முன்

கடைசியாக, வீட்டில் உட்கார்ந்து ஐந்து காரியங்களைப் பாருங்கள்.

ஒன்று, பிள்ளை பி1 பரீட்சையில் சித்தியடையும் வரை எந்த முகவருக்கும் பணம் கொடுக்காதீர்கள். அதுவரை செலவாவது மொழி வகுப்புக் கட்டணம் மட்டும். பிள்ளைக்கு இந்த மொழி ஒத்துவருமா, தனியே உட்கார்ந்து படிக்கும் பொறுமை உண்டா என்பது அதற்குள் விளங்கிவிடும். ஒத்துவராவிட்டால் காப்பு அலுமாரியிலேயே இருக்கும். கற்ற மொழியும் வீண்போகாது.

இரண்டு, பல்கலைக்கழகத்தின் பெயர், பாடநெறியின் பெயர், அதற்குக் கேட்கும் தகுதி மூன்றையும் பிள்ளையே தேடி எடுத்து, உங்கள் முன்னால் வாசித்து விளக்கட்டும். விளக்கத் தெரியாத பிள்ளை இன்னும் ஆயத்தமில்லை.

மூன்று, ஒரு வருடக் கணக்கைப் போடாமல் நான்கு வருடக் கணக்கைப் போடுங்கள். வட்டியில்லாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்று பாருங்கள்.

நான்கு, போகும் நகரத்தில் பள்ளிவாசல் எங்கே, நமது ஊரவர் அல்லது தெரிந்த குடும்பம் யாராவது உண்டா என்று விசாரியுங்கள். முதல் குளிர்காலம்தான் கஷ்டம். நான்கு மணிக்கு இருட்டும் அந்த மாதங்களில் ஒரு வீட்டில் ஒரு கோப்பை தேநீர் கிடைத்தால் பிள்ளை தாங்கிக்கொள்ளும்.

ஐந்து, தொலைபேசியில் பேசும்போது முதலில் புள்ளியைக் கேட்காதீர்கள். சாப்பிட்டாயா, தொழுதாயா, தூங்கினாயா என்று கேளுங்கள். பக்கத்தில் ஆட்களை வைத்துக்கொண்டு பேசாதீர்கள். பிள்ளை உண்மை பேச ஒரு தனி நேரம் கொடுங்கள்.

இவ்வளவையும் பார்த்த பிறகும் பிள்ளை போக ஆசைப்பட்டால், அல்லாஹ்வின் பெயரால் வழியனுப்பி வையுங்கள். பட்டம் முடித்தவருக்கு அங்கே தகுதிக்கேற்ற வேலை தேடப் பதினெட்டு மாதம் வரை இருக்கவும் சட்டம் இடமளிக்கிறது. திரும்பி வந்து ஊருக்குப் பயன்படவும் வழி உண்டு. பட்டம் கிடைக்காமல் திரும்பி வரும் பிள்ளைக்கும் அதே வாசலைத் திறந்து வையுங்கள். ஒரு மொழியும், தனியே நின்ற அனுபவமும், உம்மாவிடம் உண்மை சொல்லும் துணிவும் கொண்டு வரும் பிள்ளை வெறுங்கையோடு வரவில்லை.

அல்லாஹ் நமது பிள்ளைகளின் அறிவிலும் ஒழுக்கத்திலும் பரகத் செய்வானாக. வஸ்ஸலாம்.